சுவருக்கும் ஒரு குணம் உண்டு



அண்மையில் ஒரு கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்தில் வந்திருந்த பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "போரிலே இழந்த உங்கள் வீட்டை நினைத்தால் முதலில் என்ன ஞாபகத்துக்கு வருகிறது?"

வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "மத்தியானத்திலே மெழுகின நிலத்திலே பாய் போடாமல் படுத்தால் முதுகிலே ஏறுகிற குளிர்." இன்னொரு பெண் முதல் மழைக்கு நனைந்த கிடுகின் மணத்தைச் சொன்னார். மூன்றாமவர் தன் குசினிக் கதவின் கொண்டியைச் சொன்னார். அதைக் கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தால்தான் கதவு திறக்குமாம். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் இருட்டிலே எழும்பினால் கை அந்த இடத்தைத் தேடிப் போகிறதாம். எத்தனை அறை இருந்தது, சுவருக்கு என்ன பெயின்ற் அடித்திருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இந்த மாதம் வீட்டின் சுவர், நிறம், வெளிச்சம், சத்தம், மணம் ஆகியவை பற்றி இன்றைய கட்டடக் கலைஞர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று எழுத எண்ணியதற்கு அந்தப் பதில்கள்தான் காரணம். கட்டடக் கலைஞர் என்றதும் 'அது காசுள்ளவர்களின் விஷயம்' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நான் சொல்லப் போகிறவற்றில் பெரும்பாலானவை மண்ணாலும் மூங்கிலாலும் செங்கல்லாலும் ஆனவை.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பீற்றர் சும்தோர் என்பவர் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர். தச்சுவேலை பழகிப் பின் இத்துறைக்கு வந்தவர். அவரும் தன் சிறுவயது வீட்டு ஞாபகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் சொல்வது ஒரு கதவின் கைபிடியை. தன் அத்தையின் தோட்டத்துக்குள் போகும் போது கையில் பிடித்த கைபிடி. அதோடு சேர்த்து நடைபாதையின் கல், குசினியின் மணம். எங்கள் கிராமத்துப் பெண் சொன்ன கொண்டியும் இதுவும் ஒன்றுதானே! அவர் 1996 இல் வால்ஸ் என்ற மலைக் கிராமத்தில் கட்டிய வெந்நீர்க் குளிப்பகம் அந்தப் பள்ளத்தாக்கிலேயே வெட்டிய கல்லால் ஆனது. அங்கே ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீரின் சூடு வேறு, எதிரொலி வேறு, வெளிச்சம் வேறு. அது வசதியானவர்கள் குளிக்கப் போகிற இடம். எமக்கு அங்கே அலுவல் இல்லை. ஆனால் ஒரு கட்டடத்தைத் தோலாலும் காதாலும் அறிகிறோம் என்பதை வைத்தே ஒருவர் படம் வரைகிறார் என்பதை மட்டும் மனதில் வைத்துக் கொள்வோம். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் யுஹானி பல்லாஸ்மாவும் அதே 1996 இல் ஒரு சிறு நூல் எழுதினார். இக்காலக் கட்டடங்கள் கண்ணுக்கு மட்டுமே கட்டப்படுகின்றன, மற்றப் புலன்கள் பட்டினி கிடக்கின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு. இன்று கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் உலகம் முழுவதும் அந்த நூலைப் படிக்கிறார்கள்.

எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? திறப்பு விழாவுக்குக் கட்டிய வீடும் குடியிருக்கக் கட்டிய வீடும் வேறு வேறு என்பதை வடக்கு, கிழக்கில் எல்லோரையும் விட நாங்கள்தான் அறிவோம். படத்தில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். தகரத்தின் கீழே மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவளிடம் கேட்டால்தான் அந்த வீட்டின் குணம் தெரியும்.

மண்ணும் மூங்கிலும் சேலையும்

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வங்காளதேசத்தில் இருக்கிறது. தினாஜ்பூர் மாவட்டத்தில் உருத்ராபூர் என்ற கிராமம். அன்னா ஹெரிங்கர் என்ற ஜேர்மன் பெண் தன் பத்தொன்பதாவது வயதில் அங்கே தொண்டராக வந்து ஏறக்குறைய ஒரு வருடம் தங்கியிருந்தவர். பின் ஒஸ்ரியாவில் கட்டடக் கலை படித்துவிட்டு, தீப்சிக்கா என்ற அந்த ஊர்த் தொண்டு நிறுவனத்துக்காக ஒரு பள்ளிக்கூடத்தை வரைந்தார். 2005 இல் ஊரவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்த தொண்டர்களுமாகச் சேர்ந்து சில மாதங்களில் அதைக் கட்டி முடித்தார்கள்.

கீழ்த்தளம் மண். மேல்தளம் மூங்கில். களிமண்ணையும் வைக்கோலையும் நீரையும் கலந்து மாடுகளை விட்டு மிதிக்க வைத்தார்கள். மிதித்த மண்ணை ஒரு வரிசை அடுக்கி, காய விட்டு, கூரான மண்வெட்டியால் பக்கங்களைச் சீவி, அதன் மேல் அடுத்த வரிசை. இது எங்கள் பாட்டிமாருக்குத் தெரியாத வேலையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். அந்த ஊர்க்காரருக்கும் மண்வீடு கட்டத் தெரியும். ஆனால் அங்கே பழைய மண்வீடுகளுக்கு அத்திவாரம் இல்லை. கீழிருந்து ஈரம் ஏறிச் சுவர் கரைந்து போகும், கொஞ்சக் காலத்தில் விழும். அதனாலேயே மண் என்றால் ஏழ்மை என்று ஆகிவிட்டது. ஹெரிங்கரும் அவரோடு வேலை செய்த ஐக்கே ரொஸ்வாக் என்பவரும் செய்த மாற்றம் மிகச் சிறியது. மண்சுவருக்குச் செங்கல்லால் அத்திவாரம் போட்டார்கள். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் ஏறாமல் கடையில் கிடைக்கும் பிளாஸ்ரிக் தாளை இரண்டு மடிப்பாக விரித்தார்கள். மண்ணோடு வைக்கோலை முறையாகச் சேர்த்தார்கள். அவ்வளவுதான்.

அந்தக் கட்டடத்தில் பிள்ளைகளுக்காக ஒரு வேலை செய்திருக்கிறார்கள். கீழ் வகுப்பறைகளின் பின்சுவரில் வட்டமான துவாரங்கள். அவற்றினூடாகத் தவழ்ந்து போனால் சிறு குகைகள் போன்ற இடங்கள். மண்ணைக் கையால் பூசி வளைத்தவை. தனியே இருக்க விரும்பும் பிள்ளை அங்கே போய்ச் சுருண்டு கொள்ளலாம், இரண்டு பேர் சேர்ந்து படிக்கலாம். தொட்டால் மிருதுவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் சுவர். மேலே ஏறினால் எல்லாம் நேர்மாறு. மூங்கில் இடுக்குகளால் வெளிச்சமும் காற்றும் வருகின்றன, மர உச்சியில் இருப்பது போல் தோன்றும். மேல்தளத்தின் உட்கூரைக்கு அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தும் நிறநிறமான சேலைத் துணிகளைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே இருப்பது சாதாரணத் தகரம்தான். தகரத்துக்கும் ஆட்களுக்கும் இடையே காற்றோடும் வெளியும் துணியும் இருப்பதால் வெக்கை நேரே தலையில் இறங்காது. (சேலைக்கு மேலே எலி ஓடாதா என்று எங்கள் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி!) இந்தப் பள்ளிக்கூடத்துக்கு 2007 இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

அதே கிராமத்தில் 2020 இல் 'ஆனந்தாலய்' என்ற இன்னொரு கட்டடத்தை அவர் முடித்தார். கீழே வலுவிழந்தவர்களுக்கான சிகிச்சை நிலையம், மேலே கிராமத்துப் பெண்களின் தையல் கூடம். இந்தக் கட்டடத்தின் சுவர்கள் நேராக இல்லை, வளைந்து வளைந்து போகின்றன. பலகை அடைக்காமல் கையாலேயே அடுக்கும் மண்சுவருக்கு வளைவு ஒரு சிரமமே அல்ல. கட்டடத்தைச் சுற்றிக் கொண்டு கீழிருந்து மேல் வரைக்கும் ஒரு சரிவுப் பாதை போகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் மேல்தளத்துக்கு அதே பாதையால்தான் போவார். அந்தப் பாதையையே கட்டடத்தின் அழகாக ஆக்கியிருக்கிறார். எங்கள் பகுதிகளில் வலுவிழந்தவர்களுக்கென்று கட்டடத்தின் பின்பக்கத்தில், குப்பைத் தொட்டிக்கு அருகில், ஒரு சரிவைக் கடமைக்குப் போட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். காலை இழந்த எங்கள் பெண்கள் அதில் ஏறிப் போகும் போது என்ன நினைப்பார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மேலே தைக்கும் பெண்கள் வீட்டை விட்டு நகரத்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போகாமல் ஊரிலேயே உழைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கூடத்தின் நோக்கம். வன்னியிலிருந்து விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறும் எங்கள் பிள்ளைகளை நினைத்தால் அந்தக் கூடத்தின் பெறுமதி புரியும்.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மண்வீட்டைப் பற்றி வெளிநாட்டுக்காரர் புகழும் போது எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குனிந்து நிலம் மெழுகியது யார்? மாரிக்குக் கரைந்த சுவரைப் புரட்டாதிக்கு முன்னே அறைந்து பூசியது யார்? கறையானை விரட்டியது யார்? எல்லாம் பெண்கள். கல்வீடு வேண்டும் என்று எங்கள் தாய்மார் ஆசைப்பட்டதில் பெருமைக்கு ஒரு பங்கு இருந்தது என்றால், இடுப்பு நோவுக்கு மூன்று பங்கு இருந்தது. ஆகவே சீமெந்தை விட்டுவிட்டு மண்ணுக்குத் திரும்புங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். மண்சுவர் பகல் வெக்கையை உள்ளே விடப் பல மணித்தியாலம் எடுக்கும், தகரம் சில நிமிடங்களில் விட்டுவிடும். அந்தக் கணக்கை அறிந்து வைத்திருந்தால் சீமெந்து வீட்டிலும் எத்தனையோ செய்யலாம்.

தாங்களே சுட்ட கல்

அடுத்தது ருவாண்டா. 1994 இல் சில மாதங்களுக்குள் பல இலட்சம் பேர் கொல்லப்பட்ட நாடு. கணவனை, பிள்ளையை, வீட்டை இழந்த பெண்கள் நிறைந்த நாடு. அங்கே கயோன்சா என்ற இடத்தில் போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென ஒரு பயிற்சி நிலையம் 2013 இல் திறக்கப்பட்டது. அதை வரைந்தவர் அமெரிக்கரான ஷரன் டேவிஸ் என்ற பெண்.

அங்கே சிறிய வட்ட வட்டமான வகுப்பறைகள் ஒரு கிராமம் போலக் கூடியிருக்கின்றன. நீண்ட ஒழுங்கைகளும் வரிசைக் கதவுகளும் இல்லை. பழைய ருவாண்டா வீடுகள் புல்லாலும் நாணலாலும் பின்னப்பட்ட வட்ட வீடுகள். அந்த வட்டத்தை இவர் செங்கல்லில் எடுத்திருக்கிறார். கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு அடுக்கிய சுவர். இடைவெளிகளால் காற்று நுழையும். வெயில் நேரே வராமல் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும். உள்ளே இருப்பவளுக்கு வெளியே வருவது யார் என்று தெரியும், வெளியே நிற்பவனுக்கு உள்ளே இருப்பவள் தெளிவாகத் தெரியமாட்டாள். இந்தக் கடைசி விஷயத்தின் அருமையை முகாமில் தறப்பாள் மறைப்புக்குள் உடை மாற்றியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சுவருக்குத் தேவையான கல்லை அந்தப் பெண்களே செய்தார்கள். உள்ளூர்க் களிமண்ணை எடுத்து, கையால் அழுத்தும் அச்சில் போட்டு, நாலு இலட்சத்துக்கும் அதிகமான கற்கள். செங்கல் தொழில் அவர்கள் கையில் ஒரு வருமானமாகவும் மிஞ்சியது. ஒரு சுவரைத் தொட்டு 'இது நான் அறுத்த கல்' என்று சொல்லக்கூடிய ஒருத்திக்கு அந்தச் சுவர் வேறு விதமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்களிலும் புளொக் கல் அரிந்த பெண்கள் இருக்கிறார்கள், மேசன் வேலை பழகிய பெண்களும் இருக்கிறார்கள். 2012 முதல் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்காரரே முன்னின்று கட்ட வேண்டும் என்பது விதி. வடக்கு, கிழக்கில் குடும்பத்துக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. கணவன் இல்லாத வீடுகளில் கல், மண், சீமெந்து விலை பேசி, மேசனோடு வாதாடி, தண்ணீர் சுமந்து கட்டி முடித்தவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பலர். கடனில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு வேறு ஒரு கட்டுரைக்கு உரியது.

ருவாண்டாவிலேயே புத்தாரோ என்ற மலைப்பகுதியில் 2011 இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே நோயாளியின் கட்டில் சுவரோரமாக யன்னலுக்கு முதுகு காட்டிப் போடப்படவில்லை. நடுவே ஒரு அரைச்சுவர் எழுப்பி, அதில் தலைப்பக்கம் சாய்ந்திருக்கும்படி கட்டில்களைப் போட்டிருக்கிறார்கள். படுத்திருப்பவள் கண் திறந்தால் முன்னே யன்னல், அதற்கு அப்பால் மலை. சுவருக்கு எடுத்தது அப்பகுதி எரிமலைக் கல். விவசாயிகள் தோட்டத்துக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கி வைத்த கல் அது.

கேட்டுக் கட்டியவர்கள்

இலங்கையிலும் இப்படிப்பட்ட முயற்சிகள் நடந்திருக்கின்றன. கண்டியைச் சேர்ந்த மினெற் த சில்வா (1918 - 1998) இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். பெரிய வீடுகளிலும் கூட நெசவாளர், சுடுமண் ஓடு செய்பவர், அரக்கு வேலைக்காரர் ஆகியோரின் கைவேலையைச் சுவரிலும் கதவிலும் சேர்த்தவர். 1950களின் இறுதியில் கண்டி வட்டபுளுவவில் அரசாங்க ஊழியர்களுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டம் அவரிடம் வந்தது. பல இனங்களையும் மதங்களையும் சேர்ந்த குடும்பங்கள். அவர் முதலில் செய்தது, குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்து கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டது. அதன் பிறகே படம்.

ஐம்பது வருடங்களுக்குப் பிறகு, 2004 சுனாமியில் அழிந்த கிரிந்த என்ற தென்கிழக்குக் கரையோர முஸ்லிம் மீனவக் கிராமத்துக்கு ஜப்பானியரான ஷிகெரு பான் வந்தார். அவரும் மக்களோடு பேசினார். அழுத்தப்பட்ட மண்கல்லால் சுவர். உள்தடுப்புக்கும் அலுமாரிக்கும் இறப்பர் மரம். குசினியும் குளியலறையும் வசிக்கும் பகுதியிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று ஊரவர்கள் கேட்டார்கள். அவை வீட்டோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. அவர் இரண்டுக்கும் நடுவே கூரை போட்ட ஒரு முற்றத்தை வைத்தார். விருந்தினர் வந்தால் ஆண்கள் அங்கே இருக்கலாம். பெண்கள் விரும்பினால் மடிப்புத் தட்டியை இழுத்து மறைத்துக் கொள்ளலாம், விரும்பினால் திறந்து விடலாம். அந்தத் தட்டியை இழுப்பதும் விடுவதும் பெண்ணின் கையில் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது.

இதற்கு எதிரான கதையும் எங்களிடம் உண்டு. 2015, 2016 அளவில் வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் கொடுக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. மாதிரி வீடுகளும் வந்தன. பார்க்கப் புதிதாக, பளபளப்பாக இருந்தன. பொறியியலாளர்களும் சமூக ஆர்வலர்களும் குடியிருக்கப் போகிற மக்களும் எதிர்த்தார்கள். விலை ஒரு காரணம், உள்ளூர் மேசனுக்கும் கூலியாளுக்கும் வேலை இல்லாமல் போவது இன்னொரு காரணம். ஆனால் பெண்கள் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். வெக்கை. விறகு அடுப்புக்குச் சரியான இடம் இல்லை, புகை போக வழி இல்லை. கடைசியில் அந்தத் திட்டம் சொன்னபடி நடக்கவில்லை. தோலும் மூக்கும் சொன்ன சாட்சியம் அங்கே எடுபட்டது என்றே நான் நினைக்கிறேன்.

அடுப்பும் நிறமும்

புகை என்றதும் பாகிஸ்தானின் யாஸ்மீன் லாரி ஞாபகத்துக்கு வருகிறார். 1941 இல் பிறந்தவர். அந்த நாட்டின் முதல் பெண் கட்டடக் கலைஞர். பெரிய கம்பனிகளுக்கு உயர்ந்த கட்டடங்கள் கட்டியவர். 2000 இல் அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். 2005 நிலநடுக்கத்துக்குப் பின் ஏழை மக்களுக்காக மண், சுண்ணாம்பு, மூங்கில் ஆகியவற்றில் இறங்கினார். அவர் செய்தவற்றில் மிகச் சிறியது ஒரு அடுப்பு. கிராமத்துப் பெண்கள் தரையில் குந்தியிருந்து திறந்த அடுப்பில் சமைத்தார்கள். கண்ணிலும் நெஞ்சிலும் புகை, உடையில் தீப்பிடிக்கும் பயம், வெள்ளம் வந்தால் அடுப்பே இல்லை. இவர் மண்ணாலும் சுண்ணாம்பாலும் ஒரு மேடை கட்டி, அதன் மேல் புகைபோக்கியுள்ள அடுப்பை வைத்தார். கட்டும் முறையைக் கிராமத்துப் பெண்களுக்கே பழக்கினார். அவர்கள் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து அதற்குக் கூலியும் பெற்றார்கள்.

அவர் எதிர்பாராத அளவுக்குப் பெண்கள் அந்த மேடைக்கு நிறம் தீட்டத் தொடங்கினார்கள். பூ, மயில், கோலம் போன்ற கோடுகள். ஒருவர் வீட்டு அடுப்பு மற்றவர் வீட்டு அடுப்பைப் போல இல்லை. குந்தியிருந்து கண்ணைக் கசக்கிய இடம், முதுகு நிமிர்ந்து உட்காரும் ஒரு மேடையாகி விட்டது. 2018 இல் இந்த அடுப்புத் திட்டத்துக்கு உலக வாழிட விருதும், 2023 இல் லாரிக்குப் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் அரச தங்கப் பதக்கமும் கிடைத்தன.

நிறம் என்பது அலங்காரம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் காது கேளாதவர்களுக்கான கலோடெற் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005 அளவில் ஹான்சல் போமன் என்ற கட்டடக் கலைஞர் அங்கே மாணவர்களோடு சேர்ந்து, கையால் பேசுகிறவர்களுக்குக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயத் தொடங்கினார். பேசும் கையும் முகமும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆகவே மனிதத் தோல் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் மங்கலான நீலம், பச்சை போன்ற நிறங்கள் சுவருக்கு நல்லவை. கண்ணைக் கூச வைக்கும் நேர் வெளிச்சம் கூடாது. இருவர் கைகளால் பேசிக்கொண்டே நடப்பதற்கு நடைபாதை அகலமாக இருக்க வேண்டும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் 2007 இல் திறக்கப்பட்ட ஹேசல்வூட் பாடசாலை, பார்வையும் கேள்வியும் குறைந்த பிள்ளைகளுக்கானது. அங்கே நடைபாதை நெடுகத் தக்கை பதித்த ஒரு சுவர் போகிறது. அதைத் தடவிக் கொண்டே பிள்ளை தன் வகுப்புக்குத் தனியே போகும். தக்கை கைக்குச் சுடாது, குளிராது.

ஷெல் சத்தத்தில் காது அடைபட்டவர்கள், கண்ணில் துண்டு பட்டவர்கள் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். தக்கை வாங்க வேண்டியதில்லை. கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை ஒரு கயிறோ கைபிடிக் கம்போ கட்டலாம். படியின் விளிம்புக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டால் மங்கலான கண்ணுக்கும் படி தெரியும். தகரக் கதவு காற்றில் அடித்துச் சாத்தும் போது திடுக்கிட்டு எழும்புகிறவர் வீட்டில் இருந்தால், கதவு மோதும் இடத்தில் பழைய சயிக்கிள் ரயர்த் துண்டொன்றை ஆணியால் அடித்து விடுங்கள். கட்டடக் கலைஞர்கள் இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். செய்கிற வேலை இதுதான்.

வீடு கட்டிக் கொண்டிருப்பவர்களும் பாதியில் நிற்கிறவர்களும் கேட்பார்கள் என்று தெரியும்: எங்கள் சீமெந்துக் கல் வீட்டில் என்ன செய்யலாம்? மேற்குச் சுவர்தான் முதல் எதிரி. மாலை வெயில் அதில் ஏறி, இரவு நீங்கள் படுக்கும் நேரத்தில் உள்ளே வெக்கையாக இறங்கும். படுக்கும் அறையை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்தாகி விட்டது என்றால் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். கடைப் பெயின்றை விட மலிவு, பூஞ்சணமும் குறையும். அடிக்கும் போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். அந்தச் சுவருக்கு முன்னே ஒரு பந்தல் போட்டுப் பாகல் அல்லது அவரையை ஏற்றினால் நிழலும் கறியும் கிடைக்கும். தகரக் கூரையின் கீழே பனையோலைப் பாயைக் கட்டினால், உருத்ராபூரில் சேலை செய்கிற வேலையை அது செய்யும். மழைச் சத்தமும் கொஞ்சம் அமரும். ஆனால் அடுப்புக்கு மேலே கட்ட வேண்டாம்.

மிக முக்கியமானது குசினி யன்னல். படத்தில் அது ஒரு சிறு கோடுதான். மேசன் அதை எந்த உயரத்தில் வைக்கிறார் என்று நீங்கள் நின்று பாருங்கள். அடுப்படியில் நிற்கும் போது முற்றத்தில் விளையாடும் பிள்ளையும் படலையால் வருகிற ஆளும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புகை போக எதிர்ச் சுவரில், கூரைக்குக் கீழே, காற்றுத் துவாரம் விடச் சொல்லுங்கள். இதையெல்லாம் சுவர் லின்டல் மட்டத்துக்கு வருவதற்கு முன்பே சொல்லி விடுங்கள். பிறகு உடைத்தால் அதற்கும் மேசன் உங்களிடம்தான் கூலி கேட்பார்.